செஞ்சி வட்டாரத்து வீட்டுத் தூசி குறித்த சிற்றாராய்ச்சி

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் தீக்கு அஞ்சியவர்கள். ராஜகிரியில் எஞ்சி நிற்கும் களஞ்சியங்களுக்குள் நுழைந்து பார்த்தால் அது விளங்கும். கனத்த சுவர், சுண்ணச் சாந்து, வளைவுக் கூரை. தீப்பற்ற அங்கே எதுவுமில்லை. வெடிமருந்துக்கென்று தனிக் கிடங்கு. 1690இல் தொடங்கி 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தார். அப்படிப்பட்ட காலத்துக்கென்று எழுப்பிய கட்டடங்கள் இவை. எரியாத பொருளால் கட்டுவது, எரியக்கூடியதை எட்ட வைப்பது என்ற இரண்டு விதிகளுக்கு அடங்கியவை.

மலைக்குக் கீழே, ஊருக்குள், இன்று வேறொரு முறை நடப்புக்கு வந்திருக்கிறது. நன்றாக எரியும் பொருள்களை விலை கொடுத்து வாங்கி வீட்டின் நடுவில் வைக்கிறோம்: ஃபோம் மெத்தை, ஸ்பாஞ்ச் வைத்த சோபா, பிளாஸ்டிக் உடம்பு கொண்ட மின்சாதனங்கள். எரியாமல் இருப்பதற்காக அவற்றுள் பலவற்றில் புரோமினையோ குளோரினையோ பாஸ்பரசையோ கொண்ட வேதிப்பொருள்களைத் தொழிற்சாலையிலேயே கலந்துவிடுகிறார்கள். அவற்றுக்குத் தீத்தடுப்பான்கள் என்று பெயர். அவை கலந்த இடத்தில் நிற்பதில்லை. தூசிக்கு வருகின்றன, தூசியிலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. இந்தப் பயணத்தை முறையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டுத் தூசியின் இயல்பை முதலில் சொல்ல வேண்டும். உதிர்ந்த தோல், முடி, துணி நூல், அடுப்புக் கரி, சுவரிலிருந்து கொட்டும் சுண்ணாம்பு, கரப்பான் எச்சம், செருப்போடு வரும் தெருமண் ஆகியவற்றின் கூட்டு அது. செஞ்சியில் கருங்கல் துகளும் சேரும். அறுவடை முடிந்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டைகள் வரும் மாதங்களில் உமித் தூளும் சேரும். இவை எல்லாம் பழைய சரக்கு. நம் பாட்டிமார் பெருக்கி வாரியதும் இதைத்தான். கடந்த ஐம்பது ஆண்டுகளில் உலகெங்கும் இதில் புதிதாகச் சேர்ந்தவைதான் கவலைக்குரியவை. அவை கண்ணுக்குத் தெரியாதவை, மணமும் காட்டாதவை.

ஃபோம் என்று கடைக்காரர் சொல்வது பாலியூரித்தேன் நுரை. பெட்ரோலியத்திலிருந்து பிறந்தது, உடம்பெல்லாம் காற்றறை. தீப்பிடித்தால் நிமிடக் கணக்கில் அறையையே விழுங்கும். புரோமின் சேர்ந்த தீத்தடுப்பான் சூடேறும்போது புரோமினை விடுவிக்கிறது. சுடர் தொடர்ந்து எரிவதற்குக் காரணமான ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் துணுக்குகளை அது பிடித்து அடக்குகிறது. சுடர் தடுமாறுகிறது. வேதியியல் என்ற அளவில் இதில் குறையேதுமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. மிகுதியாகப் புழங்கிய தீத்தடுப்பான்கள் நுரையோடும் பிளாஸ்டிக்கோடும் கலந்திருக்கின்றனவே தவிர, வேதிப் பிணைப்பால் கட்டுண்டு இருப்பதில்லை. பூசை அறை டப்பாவில் வைத்த கற்பூரம் யாரும் தொடாமலே மெலிந்துகொண்டு வருவதுபோல, இவையும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறுகின்றன. ஆவியாகிப் போய்த் தூசியில் ஒட்டிக்கொள்ளும். பழைய ஸ்பாஞ்சு பொடிந்து உதிரும்போது துகளாகவே தூசியில் கலக்கும். வெயில் ஏற ஏற வெளியேற்றமும் ஏறும். செஞ்சியின் பாறைகள் பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவில் திருப்பித் தருகின்ற ஊர் என்பதை வாசகர் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தச் சரக்கு வீட்டுக்குள் வந்த வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் அங்கே குழந்தைகளின் இரவுடைகள் எளிதில் தீப்பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நல்ல நோக்கம். துணி ஆலைகள் டிரிஸ் என்ற புரோமின் சேர்மத்தைத் துணியின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, சிலவற்றில் பத்துப் பங்கு வரை ஏற்றின. 1977 ஜனவரியில் ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் சயின்ஸ் இதழில், இந்த டிரிஸ் மரபணுவைச் சேதப்படுத்துகிறது, புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று எழுதினார்கள். அதே ஆண்டில் அந்த உடைகளுக்குத் தடை வந்தது. அடுத்த ஆண்டு அவர்களே மற்றோர் ஆய்வை வெளியிட்டார்கள். டிரிஸ் ஏற்றிய இரவுடையை அணிந்து தூங்கிய பிள்ளைகளின் சிறுநீரில் டிரிஸ் சிதைந்து உண்டாகும் பொருள் இருந்தது. துணியிலிருந்து தோல் வழியாக உடம்புக்குள் போயிருக்கிறது. தடைக்குப் பிறகு விற்காமல் தேங்கிய உடைகளைக் கப்பலேற்றி வெளிநாடுகளுக்கு விற்றார்கள். அமெரிக்க அரசு 1978இல் அந்த ஏற்றுமதியையும் தடுக்க வேண்டியதாயிற்று.

புரோமின் டிரிஸ் போன இடத்துக்குக் குளோரின் டிரிஸ் வந்தது. அதன்மீதும் இதே ஐயம் எழுந்தது. இரவுடையிலிருந்து அதையும் எடுத்தார்கள். எடுத்த பொருள் தொலைந்துபோகவில்லை. பிள்ளை அணியும் உடைக்கு ஆகாதென்று ஒதுக்கிய அதே பொருளைப் பிள்ளை உட்காரும் சோபாவின் நுரையில் பிற்பாடு ஏற்றினார்கள். கலிபோர்னியா மாநிலம் 2011இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

சோபாவுக்குள் இவை புகுந்ததற்குக் காரணம் அதே கலிபோர்னியா 1975இல் கொண்டுவந்த ஒரு விதி. அறைகலனுக்குள் வைக்கும் நுரை, திறந்த சிறு சுடரை 12 வினாடி தாங்க வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் பெருஞ்சந்தை கலிபோர்னியா. அதற்கென்று தனிச் சரக்குச் செய்வதைவிட எல்லாவற்றையும் ஒரே மாதிரி செய்வது ஆலைகளுக்கு எளிது. ஆகவே கண்டத்தின் பெரும்பகுதி வீடுகளுக்கு இந்த நுரை போய்ச் சேர்ந்தது. பென்டா என்ற புரோமின் கலவை நுரையின் எடையில் நூற்றுக்கு மூன்று, ஐந்து பங்கு என்று ஏறியது. பெரிய சோபா ஒன்றுக்குள் அரைக் கிலோவுக்கு மேலேயே வேதிப்பொருள் இருந்திருக்கும். அந்தப் பன்னிரண்டு வினாடியால் கிடைத்த பயன் என்ன? சோபா தீப்பிடிக்கும்போது முதலில் எரிவது மேலுறைத் துணி. துணியின் தீ நுரையை அடையும்போது அது சிறு சுடராக இருப்பதில்லை. சோதனையில் தேறிய நுரை அந்தப் பெருந்தீயின் முன் நிற்பதில்லை. அமெரிக்கத் தீ ஆய்வாளர் வைடெனிஸ் பாப்ராஸ்காஸ் இதைப் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்னார். தம் ஆய்வைத் தொழில்துறை திரித்துப் பயன்படுத்துகிறது என்றும் சொன்னார்.

ஏன் திரிக்க வேண்டும்? 2012இல் சிகாகோ டிரிபியூன் நாளிதழ் வெளியிட்ட தொடர் விடை தந்தது. அந்நாட்டில் வீட்டுத் தீவிபத்துச் சாவுகளுக்குப் பெருங்காரணம் சிகரெட். தானாக அணையும் சிகரெட்டைச் செய்யும்படி நெருக்குதல் எழுந்தபோது, புகையிலை நிறுவனங்கள் பழியைச் சோபாவின் பக்கம் திருப்பின. தீயணைப்பு அதிகாரிகளின் அமைப்புக்குள் தங்கள் ஆளைப் புகுத்தி, நெருப்பைத் தாங்கும் அறைகலன் வேண்டும் என்று பேச வைத்தன. பின்னர் வேதிப்பொருள் நிறுவனங்கள் பொதுமக்கள் அமைப்பு என்ற பெயரில் தாங்களே ஒன்றை நடத்தின. தீக்காய மருத்துவர் ஒருவர் சட்டமன்றக் குழுவின் முன் நின்று, தீயில் மாண்ட கைக்குழந்தையின் கதையைச் சொல்லி உறுப்பினர்களின் நெஞ்சைக் கலக்கினார். அவர் சொன்னபடி ஒரு குழந்தை இருந்ததற்குச் சான்றில்லை என்று நிருபர்கள் காட்டினார்கள். இதன் பிறகே கலிபோர்னியா விதியை மாற்றியது. 2015 முதல் அங்கே சோபா தாங்க வேண்டியது கங்கு நெருப்பின் கனலை. அதற்கு வேதிப்பொருள் வேண்டியதில்லை, தகுந்த துணியும் அடியுறையும் போதும். எரியாத பொருளால் கட்டும் கோட்டைக்காரர்களின் வழிக்கு இது நெருங்கி வருகிறது.

இதே குடும்பத்துப் பழங்கதை ஒன்று மிச்சிகனில் நடந்தது. 1973இல் அங்கே ஓர் ஆலை தீத்தடுப்பானையும் மாட்டுத் தீவனத்துக்கான மக்னீசியம் ஆக்சைடையும் ஒன்றாகச் செய்து வந்தது. இரண்டின் பெயரும் ஒலியில் நெருக்கம், மூட்டை மாறிப் போயிற்று. புரோமின் கலந்த தீவனத்தைத் தின்ற மாடுகளில் சுமார் 30,000 தலைகளைக் கொன்று புதைத்தார்கள். கோழிகள் 15 லட்சம். அவற்றின் பாலையும் முட்டையையும் உண்ட மக்களைப் பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.

உடம்புக்குள் இவை செய்யும் வேலைக்கு வருவோம். சோபா நுரையில் ஏறிய பென்டா போன்ற, பி.பி.டி.இ. என்று சுருக்கிச் சொல்லும் புரோமின் சேர்மங்களின் வடிவம், கழுத்துச் சுரப்பி தரும் தைராக்சினின் வடிவத்தை ஒத்தது. இரண்டிலும் ஆக்சிஜனால் இணைந்த இரண்டு வளையங்கள். தைராக்சினில் அயோடின் இருக்கும் இடத்தில் இவற்றில் புரோமின். கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்வதற்குத் தாயின் தைராய்டுச் சுரப்பு இன்றியமையாதது என்பதால் இந்த ஒற்றுமை வெறும் படத்து ஒற்றுமை அல்ல. நியூயார்க்கில் தொப்புள்கொடி இரத்தத்தை அளந்து பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வு 2013இல் வந்தது. இரண்டிலும், அளவு கூடிய பிள்ளைகளிடம் அறிவுத்திறன் மதிப்பெண்ணில் குறைவு தென்பட்டது; பின்னதில் கவனத்திலும். தொடர்பு தென்பட்டது என்றுதான் ஆய்வாளர் சொல்வார்கள், நானும் அதற்கு மேல் சொல்லவில்லை. ஆனால் ஒரு வகைச் சான்று பல ஊர்களிலிருந்து வந்து சேரும்போது, பிள்ளை பெற்றவர் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுவீடன் நாட்டில் தாய்ப்பாலைப் பல ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருந்தார்கள். அதை எடுத்து அளந்தபோது, 1972க்கும் 1997க்கும் இடையில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பி.பி.டி.இ. இரட்டிப்பாகி வந்திருப்பது தெரிந்தது. அமெரிக்கருடைய உடம்பில் இருந்த அளவு ஐரோப்பியருடையதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அவர்கள் உணவில் அத்தனை வேறுபாடு இல்லை. வேறுபாடு சோபாவில் இருந்தது, சோபாவிலிருந்து இறங்கிய தூசியில் இருந்தது. அமெரிக்கருக்கு இந்தச் சேர்மங்கள் போய்ச்சேரும் வழிகளில் 80 முதல் 90 விழுக்காடு வீட்டுத் தூசியே என்று 2008இல் கணக்கிட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டில் ஆய்வாளர்கள் வீட்டுப் பூனைகளின் இரத்தத்தை அளந்தார்கள். அமெரிக்க மனிதரிடம் இருந்ததைப் போல 20 முதல் 100 மடங்கு இருந்தது. பூனை தரையில் படுக்கிறது, மெத்தையில் உருள்கிறது, தன் ரோமத்தில் ஒட்டியதையெல்லாம் நக்கி உள்ளே அனுப்புகிறது.

தவழும் குழந்தை செய்வதும் ஏறக்குறைய அதையே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011இல் வெளியிட்ட கையேடு, ஒன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வீட்டுத் தூசியை விழுங்குவதாகவும் பெரியவர் 30 மில்லிகிராம் விழுங்குவதாகவும் கொள்கிறது. பிள்ளையின் எடை 12 கிலோ, பெரியவரின் எடை 60 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எடைக்குத் தக்க அளவில் பிள்ளைக்குப் போவது பத்து மடங்கு.

அந்தக் கையேட்டை எழுதியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் சாப்பிட்டு, கட்டிலில் தூங்குகிற மக்களை மனத்தில் வைத்து எழுதினார்கள். செஞ்சியில் வாழ்க்கை தரையில் நடக்கிறது. பாய் விரித்துத் தூங்குகிறோம், சம்மணமிட்டுச் சாப்பிடுகிறோம். பூத்தொடுப்பது, காய் நறுக்குவது, அரிசியில் கல் பொறுக்குவது, பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவது எல்லாம் தரையில். கை தரையில் ஊன்றுகிறது, அதே கை சோற்றைப் பிசைகிறது. தூசி நம்மைச் சென்றடைய வேண்டிய தூரம் மிகக் குறைவு. இது பாதகமான பக்கம். சாதகமான பக்கமும் வலுவானது. நம் வீடுகளில் தரைவிரிப்பு இல்லை. சிவப்புச் சிமெண்டும் கருங்கல் பாவலும் தூசியைப் பதுக்கி வைப்பதில்லை. வாசல் தெளித்து, செருப்பை வெளியில் விட்டு, கால் கழுவிவிட்டு உள்ளே வருகிற வழக்கம் இன்னும் போய்விடவில்லை. சாப்பிடுமுன் கை கழுவாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இலவம் பஞ்சு மெத்தையும் கோரைப்பாயும் எந்தப் புரோமினையும் அறியாதவை. இவற்றைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. கை கழுவுவதும் ஈரத்துணியால் துடைப்பதும் இந்த வேதிப்பொருள்களில் சிலவற்றின் உடம்பளவை வாரக் கணக்கிலேயே இறக்குகின்றன என்று நியூயார்க் தாய்மாரிடம் நடத்திய ஆய்வு காட்டியிருக்கிறது.

ஆனால் வீடு மாறிக்கொண்டிருக்கிறது. கீற்றுக் கூரை வேய்ந்த வீடு எப்படி எரியும் என்பதை விழுப்புரம் மாவட்டத்துக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பங்குனி, சித்திரையில் ஒரு பொறி போதும், ஒரு தெருவே போகும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையற்கூடத்தின் கூரையில் பற்றிய தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. கூரைகளை அகற்றியது சரியான காரியம். 2030க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு என்று சொல்லி, 2024-25இல் ஆளுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வீதம் ஒரு லட்சம் வீடுகளுக்கு அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தையும் மனமார வரவேற்கிறேன். கான்கிரீட் கூரை, எரியாத பொருளால் கட்டுவதுதான். கவலை, அந்தக் கூரைக்குக் கீழே வாங்கி வைக்கப்படுகிற பொருள்களைப் பற்றியது. கீற்று வீட்டில் காற்று எல்லாப் பக்கமும் புகுந்து வெளியேறும். கான்கிரீட் வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏ.சி. போட்டால், உள்ளே வெளியேறியது உள்ளேயே சுற்றும்.

2006 செப்டம்பர் முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வீடுகளுக்கு வழங்கியது. செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பலர் முதல் முறையாகச் சொந்தப் பெட்டியில் படம் பார்த்தது அப்போதுதான். படக்குழாய்ப் பெட்டிகளின் பின்மூடிக்கு உலகெங்கும் பரவலாகப் புழங்கியது டெகா என்ற புரோமின் சேர்மம். மூடியின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கலப்பார்கள். எந்தப் பெட்டியில் எது இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்று அந்தப் பெட்டிகளின் காலம் முடிந்துவிட்டது. அவை காயலாங்கடைக்கு வருகின்றன. செம்புச் சுருளுக்காக உடைபடுகின்றன. மூடி சில்லாகி, லாரியேறிப் பெருநகரத்துக்குப் போய், உருகி, மறுபடி கறுப்பு பிளாஸ்டிக்காக வருகிறது.

எங்கே வருகிறது என்பதுதான் கேள்வி. 2017இல் பன்னாட்டு அமைப்பான ஐபென், 26 நாடுகளில் விற்ற 111 விளையாட்டுப் பொருள்களைச் சோதித்தது. பெரும்பாலானவை பக்கங்களைத் திருப்பி நிறம் சேர்க்கும் கனசதுரங்கள். பத்தில் ஒன்பது பொருளில் மின்சாதன மூடிக்குரிய தீத்தடுப்பான் இருந்தது. விளையாட்டுப் பொருளுக்குத் தீத்தடுப்பான் சேர்க்க எவருக்கும் தேவையில்லை. மறுசுழற்சியில் கலந்து வந்தது அது. கறுப்பு பிளாஸ்டிக் கரண்டிகளிலும் இது இருப்பதாக 2024இல் கெமோஸ்ஃபியர் இதழில் வந்த ஆய்வு உலகெங்கும் அடுக்களைகளைக் கலக்கியது. அந்த ஆய்வில் ஒரு பெருக்கல் பிழை. கிலோவுக்கு 7,000 நானோகிராம் என்ற எல்லையை 60 கிலோவால் பெருக்கினால் 4,20,000 வரும், அவர்கள் 42,000 என்று எழுதிவிட்டார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜோ ஷ்வார்ஸ் சுட்டிக்காட்ட, திருத்தம் வெளியானது. ஆகவே கரண்டியைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. மின்சாதனத்தில் இருக்க வேண்டியது கரண்டியில் இருந்தது என்ற கண்டுபிடிப்பு மட்டும் அந்தத் திருத்தத்தால் மாறவில்லை.

இந்தியாவில் இதன் சுமையை முதலில் தாங்குபவர் யார் என்பதை இரண்டு ஆய்வுகள் சொல்கின்றன, இரண்டும் 2012இல் வெளிவந்தவை, இரண்டிலும் ஜப்பானிய ஆய்வாளர்களின் கை உண்டு. மின்கழிவு பிரிப்பவர்களின் இரத்தத்தைக் கடற்கரைவாசிகளின் இரத்தத்தோடு ஒப்பிட்டது ஒன்று. பல ஊர்த் தாய்மாரின் பாலை அளந்து, நகராட்சிக் குப்பைக் கிடங்கு ஒன்றைத் தீத்தடுப்பானின் ஊற்றாகச் சுட்டியது மற்றொன்று. குப்பை கொட்டுகிறவரைவிடக் குப்பைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர் உடம்பில் அது ஏறுகிறது. தாய்ப்பாலை அளக்கிறார்கள் என்றதும் பதற வேண்டாம். உடம்பின் கொழுப்பில் தங்கியதை அளக்க எளிய வழி அது. பாலூட்டுவதை நிறுத்தச் சொல்லி எந்த மருத்துவ அறிவுரையும் இல்லை, நிறுத்தினால் பிள்ளைக்கு வரும் கேடே பெரிது.

சட்டம் என்ற அளவில் நாம் வெறுங்கையோடு இல்லை. நிலைத்து நிற்கும் கரிம நஞ்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006 ஜனவரியில் ஏற்றது. அந்த உடன்படிக்கை 2009இல் பென்டா, ஆக்டா என்ற பி.பி.டி.இ. கலவைகளின் முக்கியக் கூறுகளையும், 2013இல் தெர்மாகோலில் கலக்கும் எச்.பி.சி.டி. என்ற புரோமின் தீத்தடுப்பானையும், 2017இல் டெகாவையும் பட்டியலில் சேர்த்தது. இந்தியா 2018 மார்ச்சில் வெளியிட்ட விதிகள் ஏழு நஞ்சுகளைத் தடை செய்தன. ஏழில் நான்கு புரோமின் தீத்தடுப்பான்கள். மின்கழிவு விதிகளும் மின்சாதனத்தில் பி.பி.டி.இ. எடையில் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கின்றன. ஆனால் 2009இல் தடை செய்த கையோடு அந்த உடன்படிக்கை, பழைய நுரையையும் பிளாஸ்டிக்கையும் 2030 வரை மறுசுழற்சி செய்துகொள்ள நாடுகளுக்கு விலக்கு அளித்தது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த ஏற்பாடு அது. உடன்படிக்கையிலேயே பெரிய பிழை இந்த விலக்கு என்று கருதுகிறேன். தடை செய்த ஒன்றின் இடத்தைப் பிடிக்க வந்திருக்கும் பாஸ்பரஸ் வகைகள் உடம்பை விட்டுச் சில நாள்களில் வெளியேறுபவை என்பது உண்மைதான். தூசியிலோ அவை நாள்தோறும் இருக்கின்றன.

வீட்டுக்கு வெளியே ஓர் அறையும் இந்த ஆராய்ச்சிக்குள் அடங்கும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறவர்களும் கோட்டை பார்க்க வருகிறவர்களும் காரை வெயிலில் நிறுத்திவிட்டு ஏறிப் போகிறார்கள். கார் இருக்கை எரியும் வேகத்துக்கு அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்திலிருந்து விதி இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்திலும் அப்படி ஒன்று உண்டு. 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வு 101 கார்களின் உட்காற்றைச் சோதித்தது. 99 விழுக்காடு கார்களில் ஒரே வகைக் குளோரின் தீத்தடுப்பான் இருந்தது, கோடையில் அளவு இரண்டு முதல் ஐந்து மடங்கு ஏறியது. ஆகவே கோட்டையிலிருந்து இறங்கி வந்ததும் பிள்ளைகளை ஏற்றி ஏ.சி.யைப் போடுமுன், நான்கு கதவுகளையும் சற்று நேரம் திறந்து வைக்க வேண்டும். உள்காற்றையே சுழல விடும் பொத்தானை அமுக்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. பூந்துடைப்பத்தால் வறட்டுத் தரையை வேகமாகப் பெருக்கினால் நுண்தூசி எழும்பி முகத்துக்கு வரும், பிறகு பழைய இடத்துக்கே இறங்கும். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பெருக்க வேண்டும், பெருக்கிய பின் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். டிவிக்குப் பின்னாலும் சோபாவுக்கு அடியிலும் கட்டாயமாக. துடைப்பது யார் வேலை என்பதையும் சொல்லியாக வேண்டும். செஞ்சியில் அது பெண்கள் தலையில் விழுகிறது. மூக்கில் தூசி வாங்குகிறவரும் அவரே, வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவரும் பல நேரம் அவரே. வீட்டு ஆண்கள் இந்த வேலையை எடுத்துக்கொள்வதை நாகரிகம் என்று மட்டும் நினைக்காமல் நச்சியல் காரணத்துக்காகவும் செய்யலாம். உறை கிழிந்து ஸ்பாஞ்சு தெரிகிற இருக்கையைத் தைத்துவிட வேண்டும். பொடிந்து கொட்டும் பழைய ஃபோமைப் பிள்ளைக்கு விளையாடத் தரக் கூடாது. கழிவு ஸ்பாஞ்சுத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் மெத்தையின் துண்டுகள் எங்கிருந்து வந்தவை என்று கடையில் கேட்க வேண்டும். விடை வராவிட்டால், இலவம் பஞ்சு அடித்துத் தருகிறவரிடம் போகலாம். போகியன்று பழைய மெத்தையையும் வயரையும் பிளாஸ்டிக் மூடியையும் கொளுத்தவே கூடாது. புரோமின் உள்ள பிளாஸ்டிக் குறைந்த சூட்டில் எரியும்போது டையாக்சின் இனத்து நஞ்சுகள் உண்டாகும், அவை மூலப்பொருளைவிடக் கொடியவை.

பொதுப்பணத்தில் வாங்குகிற இடங்களில் இன்னும் எளிது. அங்கன்வாடிக்கும் விடுதிக்கும் மருத்துவமனைக்கும் மெத்தை, இருக்கை வாங்கும் டெண்டரில், புரோமின், குளோரின் தீத்தடுப்பான் சேராதது என்ற ஒரு வரியைச் சேர்க்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கும் எக்ஸ்-கதிர்க் கருவி கையில் பிடிக்கும் அளவில் வந்துவிட்டது, புரோமின் இருப்பதை நிமிடத்தில் காட்டிவிடும்.

கடைசியாகக் காயலாங்கடைப் பையன்கள். டிவி மூடியை உடைப்பவரும் போர்டைச் சூடாக்கிப் பாகம் கழற்றுபவரும் நாளெல்லாம் அந்தத் தூசியிலேயே இருக்கிறார்கள். அந்தக் கையோடு டீ குடிக்கிறார்கள், பன் தின்கிறார்கள். மாலையில் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்த் தவழும் தம்பியையோ தங்கையையோ தூக்குகிறார்கள். கடை வாசலில் ஒரு குழாய், ஒரு சோப்பு, மாற்றிக்கொள்ள ஒரு சட்டை, கழற்றியதை அங்கேயே தொங்கவிட ஓர் ஆணி. இவற்றுக்கு ஆகும் செலவைக் கடைக்காரரால் தாங்க முடியும். அவர் செய்யாவிட்டால் பேரூராட்சி செய்து தர வேண்டும்.